யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்

ரென்ஸ் பெல்ட்டை ஓங்கினான். டெஸ்ஸா கரோக்கி மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடினாள்.

நான் தரையில் சுருண்டு கிடந்தேன். கண் மட்டும் முன் வரிசையில் இருந்தது. அங்கேதான் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் காப்பகத்துப் பிள்ளைகள் போடும் நாடகம். நவோட்டாஸ் நகரத்தில், நான் வளர்ந்த தெருவின் கூடைப்பந்து மைதானத்தில், அந்தத் தெருக்காரர்கள் முன்னாலேயே. ரென்ஸ் அப்பா, டெஸ்ஸா அம்மா. அடி வாங்குகிறவளாக நான்தான் நடிப்பேன் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தேன்.

கதை என் வீட்டுக் கதை. அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட நெஸ்டர் என்னை அடிப்பான். நான் அலறுவது வெளியே கேட்காமலிருக்க அம்மா கரோக்கியில் பாடுவாள். அந்த வீட்டில் தினமும் கொண்டாட்டம் என்று தெருவே நினைத்ததாம். நினைத்தார்களாம்! மண்ணாங்கட்டி.

நடித்தால் காயம் ஆறும் என்பாள், எங்களுக்கு நாடகம் சொல்லித்தரும் கோரா அக்கா. ஆறுகிறதோ இல்லையோ, அம்மா இதைப் பார்க்க வேண்டும்.

அக்காவின் நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்தலாம். மேலே வந்து, நடிப்பவர் ஒருவரை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தாங்களே நடித்துக் கதையை மாற்றலாம்.

அம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தாள். தனியாக. தம்பி தூங்குகிறான் என்றாள்.

அவள் எழுந்து வந்து அந்தப் பாட்டை நிறுத்தட்டும், கூடவே போய்விடுகிறேன். இல்லையென்றால் சாகிறவரைக்கும் அவள் முகத்தில் முழிக்க மாட்டேன்.

"நிறுத்து!"

அம்மாவின் குரல்தான். தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

மேடையேறினாள். டெஸ்ஸா மைக்கை நீட்டினாள். அம்மா அதைத் தொடவில்லை. நேராக வந்து, என் தோளைத் தட்டி, என்னை நகரச் சொன்னாள்.

என் இடத்தில் மண்டியிட்டு ரென்ஸின் காலைப் பிடித்தாள்.

"தப்பு என் மேலதான்ப்பா. இனிமே வாயே திறக்க மாட்டேன்."

ரென்ஸ் பாவம், ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கிவிட்டான். அடி இல்லை. கதை மாறிவிட்டது. எப்படிக் கைதட்டினார்கள் தெரியுமா! பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று எவனோ சொன்னது காதில் விழுந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நிறுத்து!" என்று நானே கத்தினேன். டெஸ்ஸாவைத் தள்ளிவிட்டு கரோக்கியின் வயரைப் பிடுங்கினேன். இப்போது நான்தான் அம்மா. கீழே மண்டியிட்டிருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிடி மகளே. போலாம்."

அவள் எழவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"உன்னைக் கூட்டிட்டு வந்தாத்தான் தம்பியை வெளிய விடுவானாம். ரூம்ல போட்டுப் பூட்டிட்டான்டி."

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். அடுத்த காட்சிக்காக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கைதட்டினவங்க எல்லாம் எந்திரிங்க! நெஸ்டர் என் தம்பியைப் பூட்டி வச்சிருக்கான். வாங்க, கதவை உடைக்கணும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவும் நாடகம்தானா என்று யோசித்தார்கள் போல.

முதலில் ஓடியது அம்மா.