அறிவியல் அறைக்குள் பூட்டிய கதவு

"சார், ரெண்டு தராசுலயும் ஒரே நம்பர்தான் காட்டுது. அப்படின்னா அடிக்கிறவங்க கையிலயும் அதே விசைதானே? பின்ன ஏன் அப்பா நிறுத்த மாட்டேங்கிறாரு?"

ஆறாம் ஆண்டில் படிக்கும் மாணவி மலர் ஒருமுறை கேட்டாள். இரண்டு வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி, தோழியோடு எதிரெதிரே இழுத்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கை மேலேறி, நீலம் பாரித்த அடித்தடங்கள் தெரிந்தன.

லோகேஸ்வரன் சார் அன்று அவள் சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

இன்று சனிக்கிழமை. கூடுதல் வகுப்பு முடிந்து பள்ளி காலியாகிவிட்டது. பின்வாசலில் பஸீலா டீச்சரின் காரில் மலரும் அவள் அம்மாவும் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெர்சிங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும்.

முன்வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மலரின் அப்பா, மனோகரன்.

"அறிவியல் அறையிலதான் இருக்கா," என்றார் சார்.

பொய். இறைவன் மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அவன் உள்ளே நுழைந்ததும், தானும் பின்னாலேயே நுழைந்து உட்புறமாகக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"எங்கடா என் மக? பெரிய வாத்தியார் லா நீ! எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மனோகரன் கையிலிருந்த ஹெல்மெட் சாரின் கன்னத்தில் இறங்கியது. வாய்க்குள் ஒரு பல் கழன்று உருண்டது.

அடுத்தது நெற்றியில். மேசையிலிருந்த கண்ணாடிக் குடுவைகள் சரிந்து நொறுங்கின. சார் அவற்றின் மேலேயே விழுந்தார்.

கைக்கு எட்டும் தூரத்தில் இரும்புக் கம்பி ஒன்று கிடந்தது. எடுத்தார். மனோகரன் ஒரு கணம் பின்வாங்கினான்.

சார் அதை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பின்வாசலில் கார் இருமியது. கிளம்பவில்லை. மறுபடி இருமியது.

மனோகரன் சன்னலை நோக்கித் திரும்பினான். சார் தவழ்ந்துபோய் அவன் கால்கள் இரண்டையும் கட்டிக்கொண்டார்.

முதுகில், விலாவில், பிடரியில் குத்துகள் விழுந்தன. உள்ளே ஏதோ ஒன்று முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. பிடியை விடவில்லை.

கார் உறுமிக் கிளம்பியது. செம்பனைத் தோட்டத்துப் பாதையில் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அதன் பிறகே கைகளைத் தளர்த்தினார்.

மனோகரன் மூச்சு வாங்கச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அவன் கைமுட்டிகளில் தோல் கிழிந்திருந்தது.

"தண்ணி குடிண்ணே," என்றார் லோகேஸ்வரன்.

சிறு வயதில் அவர்கள் இருவரின் அப்பா பெல்ட்டை உருவும்போதெல்லாம், தம்பி லோகேஸ்வரனைக் கீழே தள்ளி, அவன்மேல் கவிழ்ந்து, அத்தனை அடியையும் தன் முதுகில் வாங்கிய பையன் மனோகரன்.

அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

தம்பி சுவரைப் பிடித்து எழுந்து, உடையாமல் மிஞ்சிய குடுவை ஒன்றைத் தேடி எடுத்து, குழாயைத் திறந்தார்.