கெடுன்னா கெடுதான்

வருமான வரித் தீர்ப்பாயத்தில் அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கெடு முடிஞ்சப்புறம் அப்பீல் போட்டிருக்கீங்களே, ஏன்?" என்றார் நீதிபதி.

"காய்ச்சல்ல படுத்துட்டேங்க. இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க."

நீதிபதியின் முகம் இளகியது. நின்றவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கூடாதுங்க!" எதிர்த்தரப்பிலிருந்து குரல் சுள்ளென்று வந்தது. "அவங்கவங்க கஷ்டத்தைப் பார்த்தா சட்டம் நடக்குமா? கெடுன்னா கெடுதான்."

அப்பீல் தள்ளுபடியானது.

வராந்தாவில், காய்ச்சலில் படுத்த அந்த வருமான வரி அதிகாரி, எதிர்த்தரப்பில் நின்ற தையல்காரியை வழிமறித்தார். "எங்க ஆபீஸ் அப்பீலையே தள்ள வச்சிட்டீங்களேம்மா! கொஞ்சம்கூட இரக்கமில்லையா?"

"போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்துட்டு, வரிக் கணக்கோட தாமதமா வந்து நின்னேன். அன்னைக்கு நீங்க சொன்ன வார்த்தையைத்தான் சார் திருப்பிக் கொடுத்திருக்கேன்," என்றாள் அவள். "வட்டிகூடப் போடலை."