திரும்பி வந்த பித்தப்பை

"போன வருஷம் வெட்டி எடுத்த பித்தப்பை திரும்பி வந்துடுச்சுப்பா!" என்று குகட்பள்ளி பார்க்கில் தணிகைவேல் முழங்கினார். கூட்டாளிகள் சிரித்த சிரிப்பில் புறாக்கள் மியாபூர்வரை பறந்தன. மனைவி மரகதத்துக்கு மானம் போயிற்று. வலது விலாவில் வலி என்று அவர் முனகியபோதும், "உங்க புளுகெல்லாம் எங்கிட்ட நக்கோ, வேணாம்," என்று இஞ்சிச் சாறு நீட்டினாள். குளிர்ஜுரம் வந்து, கண்ணும் மஞ்சளித்த பிறகுதான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள்.

"வலி வந்ததுமே வரவேண்டாமா? பித்தப்பை முழுக்கக் கல்," என்றார் டாக்டர்.

மரகதம் கூனிக்குறுகினாள். போன வருஷம் ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் வாசலில், ட்ரேயில் வைத்து அதை அவளிடம்தான் காட்டியிருந்தார்கள். இப்போது திரையில், அவர் மூச்சிழுக்கும்போதெல்லாம் அது மெல்ல அசைந்தது.

"மன்னிச்சிடுங்க," என்று அவர் கையைப் பிடித்தாள். "வந்துதாங்க இருக்கு."