சொல்லாமல் கொடுத்த மாத்திரை

மன்னார்குடிக் கடைத்தெருவின் மத்தியான வெயில் மருந்துக்கடைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் அருளப்பன் கவுண்டரில் சாய்ந்து நிற்கிறான். கடைக்காரர் சூசைமாணிக்கம் அவன் அக்காவின் கணவர். தலை வழுக்கையானால் பெண் அமையாது என்று, கல்யாணத்துக்கு முன்பே அவனுக்கு மாத்திரை கொடுத்துப் பழக்கியவர். முடி கொட்டுவது நின்றது. லின்சியும் மனைவியாக வந்தாள். ஆனால் அவள் பக்கத்தில் படுத்தால் அவனுடைய உடம்பு மரக்கட்டையாகக் கிடக்கிறது. ஆசைகூட எழுவதில்லை. "அத்தான், இந்த மாத்திரையால அப்படி ஆகுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறான். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே அவர் சொல்கிறார்: "சில பேருக்கு ஆகும் மாப்ள. நிறுத்திட்டு டாக்டரப் பாரு." "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?" கத்தரிக்கோல் நிற்கிறது. "நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். உங்கக்காதான், சொன்னா தம்பி போடமாட்டான், வந்த சம்பந்தம் போயிடும்னா." தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்த அக்கா. அருளப்பன் கவுண்டரிலிருந்து நிமிர்கிறான். "லின்சிக்குத் தெரிய வேணாம்" என்கிறார் அவர், இன்னும் தணிந்த குரலில்.

வாசல் நிழலில் லின்சி காத்திருக்கிறாள். கணவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று இந்த விடுப்பு முழுக்கத் தலையணைக்குள் அழுதவள், அவனைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறாள். "அக்கா கறிக்குழம்பு வச்சிருக்காங்களாம். போகலாமா?" அவன் அவள் கையைப் பிடிக்கிறான். கடைத்தெருவே பார்க்கிறது, அவன் விடவில்லை. "அங்க வேணாம் லின்சி. உன்கிட்ட எந்தக் கொறையும் இல்ல. வா, எல்லாத்தையும் சொல்றேன்."