அழகையாவின் கோட்டு

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெரியாயி தான் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நட்டிருந்த மரவள்ளியைப் பகல் முழுக்கக் குரங்குகள் பிடுங்கித் தின்றன. லயத்துக்குள்ளோ கால் வைக்க இடமில்லை. புருஷன் அழகையா கண்டதையெல்லாம் பொறுக்கி வந்து குவித்திருந்தான். அந்தக் குவியலிலிருந்தே கிழிந்த கோட்டு, தொப்பி, காலுக்கு ஜோடி சேராத இரண்டு சப்பாத்துகளை எடுத்து, கம்பத்தில் மாட்டி ஒரு பொம்மை நிறுத்தினாள். அதன்பின் குரங்குகள் வரவில்லை.

தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் அழகையா காய்ச்சலில் படுத்தான். வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் பெரியாயி கங்காணியிடம் சொன்னாள்.

"அவருக்குக் காய்ச்சலுங்க. இன்னிக்கு வரமாட்டாரு."

"என்ன புள்ள சொல்ற? அந்தா, கோட்டு மாட்டிக்கிட்டு மலைக்குப் போறானே!"

பனிமூட்டத்தில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது.

சாயந்திரம் கங்காணி அவளை நிறுத்தினார். "இன்னிக்குத்தான் உன் புருஷன் ஒழுங்கா வேல செஞ்சான். ஒரு வார்த்தை பேசல."

லயத்தில் அழகையா கம்பளிக்குள் முனகிக்கொண்டிருந்தான். பின்னால் குரங்குகள் பிடுங்கிப்போட்ட மரவள்ளி வேரோடு கிடந்தது. பொம்மை தன் இடத்தில் நின்றது. சப்பாத்தில் ஈரமண், கோட்டுக் கையில் தேயிலைச் சுள்ளி.

மறுநாள் அழகையாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பெரியாயி அவனை எழுப்பவில்லை. பெரட்டுக்குக் கிளம்புமுன், பொம்மையின் பொத்தான்களைப் பூட்டி, வெற்றிலை பாக்கு மடித்து அதன் பையில் வைத்தாள்.