ஜீப்புக்கு முழு விலை

"ஆளு யாரும் உள்ள இல்லாம, வண்டி மட்டும் ஆத்துல போயிட்டா, முழுக் காசும் கிடைக்குமாண்ணே?"

ரோகினி இப்படிக் கேட்டதும் நாகூர் கனி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ரெம்பா ஊரில் இருபது வருசமாக வண்டி இன்சூரன்ஸ் எழுதுகிற ஏஜெண்டு அவர். யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்ததே இல்லை.

"வெள்ளத்துக்குன்னு தனியா சேர்த்து எடுத்தா கிடைக்கும்லா. ஏன் கேக்குற தங்கச்சி?"

"சும்மாதாண்ணே. தெரிஞ்சு வச்சிக்கலாம்னு."

சும்மாவாம். சும்மா கேட்கிற கேள்வியா இது?

வாசலில் நின்றது அந்த ஜீப். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பழைய லேண்ட் ரோவர். வயசில் கனிக்கே மூத்தது. ரோகினியின் புருசன் திருச்செல்வம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி காண்ட்ராக்டர். வீடு வாங்க வைத்திருந்த பணத்தையெல்லாம் கொட்டி இதை வாங்கி, பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டி, புதுசு போல ஆக்கி வைத்திருக்கிறான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக் கணக்கில் பழைய வண்டி பழைய வண்டிதான். பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற விலைக்குத்தான் இப்போது எழுதியிருக்கிறது.

அதை மாற்றி, உண்மையான விலைக்கு எழுத வேண்டும் என்றுதான் ரோகினி அவரை வரச்சொல்லியிருந்தாள். அதில் ஒன்றும் தப்பில்லை. இந்த மாதிரி அரிய வண்டிகளுக்கு, இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட விலைக்கே எழுத வழி இருக்கிறது. படம் பிடித்து, பில்லெல்லாம் காட்டினால் போதும். அவரும் சந்தோசமாகத்தான் வந்தார்.

வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இடித்தது.

புருசன் கோலா பிலா டவுனுக்குப் போயிருக்கிற நாளாகப் பார்த்து ஏன் கூப்பிட்டாள்? அவனுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, எவ்வளவுக்கு எழுதுவார்கள் என்று முதலில் தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். மரம் விழுந்தால் காசு வருமா என்று கேட்டாள். திருடு போனால் வருமா என்று கேட்டாள். வருசக் கடைசி மழைக்கு முன்னால் எழுதி முடித்துவிட முடியுமா என்று இரண்டு தரம் கேட்டாள். இப்போது ஆற்றில் போனால் வருமா என்கிறாள்.

போதாக்குறைக்கு, படம் பிடிக்க வசதியாகக் கதவைத் திறந்துவிடச் சொன்னபோது, "அந்தச் சனியன நான் தொடவே மாட்டேண்ணே" என்று ஒதுங்கி நின்றாள். பிடிக்காத வண்டிக்கு முழு விலை எதற்கு?

சூடு கண்ட பூனை அவர். போன வருசம் செனாவாங் ஊரில் ஒருத்தன் நல்ல பிள்ளை போல வந்து காருக்குப் பெரிய விலை எழுதிக்கொண்டான். ரெண்டாம் மாசமே அது தானாகப் பற்றிக்கொண்டதாம். கம்பெனிக்காரர்கள் கனியை உட்கார வைத்து, திருடனைக் கேட்கிற மாதிரி கேட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைசென்ஸ் இருக்காது என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பினார்கள். மகள் ரஜியா இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வயசில் லைசென்ஸ் போனால் வேறு எந்த வேலைக்குப் போவது?

வீட்டுக்குக் கீழே சரிவு. சரிவு முடிகிற இடத்தில் தாழ்வான பாலமும் ஆறும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டால் போதும், வண்டி தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அல்லாவே, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று நொந்துகொண்டார் கனி. பெரிய பாலிசிதான், நல்ல கமிஷன்தான். வேண்டவே வேண்டாம். எடுத்த படங்களைக்கூட அழித்துவிடலாம் என்று கைப்பேசியைக் கையில் எடுத்தார்.

ஆனாலும் சொல்லாமல் எழுந்து போக மனசு வரவில்லை. பார்த்தால் தப்பான பெண்ணாகத் தெரியவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"தங்கச்சி, நான் உனக்கு மூத்தவன். ஒளிவு மறைவில்லாமக் கேக்குறேன். புருசனுக்குத் தெரியாம அந்த வண்டிய ஆத்துல தள்ளிவிடப் போறியா?"

ரோகினிக்குக் கோபம் வரவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே தெரிந்த பாலத்தைக் கை காட்டினாள்.

"போன மழையில பாலத்து மேல தண்ணி ஏறிருச்சுண்ணே. ஜீப்ப இழுத்துக்கிட்டுப் போவுது, உள்ள அவரு. கம்பத்து மலாய்க்காரங்க, ஊர்ச்சனம் எல்லாம் கரையில நின்னு குதி குதின்னு கத்துறாங்க. நெஞ்சளவு தண்ணியில ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாரு. இன்சூரன்ஸ்ல ஒண்ணும் தேறாது, இது போனா புள்ளைங்களுக்கு வீடே இல்லன்னு."

அவள் வாசலில் நின்ற ஜீப்பை முறைத்தாள்.

"கயிறு கட்டி இழுத்துத்தான் காப்பாத்துனாங்க. சாயந்திரம் அவரு வந்ததும் நீங்களே சொல்லுங்கண்ணே, வண்டி போனா முழுக் காசும் வந்துரும்னு. அடுத்த வெள்ளத்துலயாவது அந்த மனுசன் அத விட்டுட்டு என்கிட்ட வரட்டும்."