கடைசிக் கட்டம்

"முட்டி வலியோட நீ வண்டி ஓட்ட வேண்டாம்மா. ஒரு டிரைவரைப் பார்த்து வெச்சுக்கோ."

"பார்த்தாச்சுடா. சுரேஷ்குமார்னு பேரு. ரொம்ப நிதானம்."

எட்டு மாதத்துக்கு முன்னால் ஃபோனில் நடந்த இந்தப் பேச்சு, டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் படியேறும்போது பத்ரிக்கு நினைவு வந்தது. நிதானமாம்! கார் அவன் பேரில் இருந்ததால், சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கான அபராத சலான் குர்கானில் இருந்த அவன் ஃபோனுக்கு வந்திருந்தது.

கதவைத் திறந்த அம்மா ருக்மிணியிடம் கேமரா எடுத்த படத்தை நீட்டினான். கண்ணாடியில் வெயில் பட்டு ஓட்டியவர் முகம் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"சிக்னலைத் தாண்டறான், நீ சிரிச்சுண்டு உட்கார்ந்திருக்கே!"

"மலை மந்திர்ல நடை சாத்திடுவான்னு நான்தான் அவசரப்படுத்தினேன். அப்புறம், அவன் இல்லை, அவர்."

"அச்சா, அவர்! இந்த சலானை அவர் தலையிலேயே கட்டறேன். ஆளையும் இன்னிக்கே நிறுத்திடு."

"சலானைத் தாராளமா மாத்து. நீ ஃபோன்ல சொன்னதுமே, 'என் தப்பு, என் பேர்லயே போடச் சொல்லு'ன்னு லைசென்ஸைக் கொடுத்துட்டுப் போயிருக்கார். ஆனா நிறுத்த மாட்டேன்."

"டெல்லில டிரைவருக்கா பஞ்சம்?"

"எனக்குப் பஞ்சம்தான்."

அப்பா போன இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அம்மா இப்படி எதிர்த்துப் பேசி அவன் கேட்டதே இல்லை. அவன் படிப்பு, வேலை, குர்கானில் தனி வீடு, எல்லாவற்றுக்கும் "உன் இஷ்டம்டா" என்றவள். இன்று கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

பத்ரி சோபாவில் உட்கார்ந்து ஃபோனில் சலானைப் பேர் மாற்றும் படிவத்தைத் திறந்தான். வண்டி ஓட்டியவர் பெயர். லைசென்ஸ் எண். வயது.

"அறுபத்திரண்டா! கண்ணு தெரியுமா அவருக்கு?"

"உன்னைவிட நன்னாத் தெரியும்."

"ஒரு டிரைவருக்காக எங்கிட்ட இவ்வளவு சண்டை! சரி, இதுதான் கடைசிக் கட்டம். கார் சொந்தக்காரருக்கு, அதாவது எனக்கு, ஓட்டினவர் என்ன உறவுன்னு கேக்கறது. 'டிரைவர்'னு போட்டு அனுப்பிடறேன்."

ருக்மிணி சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"போடாதே."

"பின்னே?"

"எட்டு மாசமா உங்கிட்ட கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து வந்து முழுங்கிண்டிருக்கேன். இன்னிக்குக் கேட்டுடறேன்."

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"'அப்பா'ன்னு போடறியா, பத்ரி?"